வயல் நேரமும் அங்கன்வாடி நேரமும்

நேயர்களுக்கு வணக்கம்.

கிராமப்புறக் குழந்தைப் பராமரிப்பில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் என்று யாரும் சொல்ல முடியாது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கியது. 1980இல் மதுரை மாவட்டத்தில் முளைவிட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்குத் தனியாக உணவு கொடுத்தது. 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தபோது, கிராமங்களில் இரண்டு வயதுக் குழந்தையும் தட்டின் முன் உட்கார்ந்தது. இன்று மாநிலத்தில் ஐம்பத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் இன்னும் பால்வாடி என்றே அழைக்கும் அந்த மையம் இல்லாத ஊராட்சியைக் காண்பது அரிது.

இத்தனை இருந்தும், நடவுக்கோ களையெடுப்புக்கோ போகும் ஒரு தாய் தன் பத்து மாதக் குழந்தையை எங்கே விட்டுச் செல்வது என்ற கேள்விக்கு நம் கிராமங்களில் இன்றும் விடை இல்லை. மையத்தில் நாள் முழுவதும் இருந்து சூடான மதிய உணவு உண்பது இரண்டு வயது நிறைந்த பிள்ளைகள்தாம். அதற்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்குப் போகிறது. பொட்டலம் வீட்டில் இருக்கும், ஆனால் அதைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊட்ட வேண்டியவள் வயலில் இருப்பாள். நேரமும் பொருந்துவதில்லை. நடவு ஆட்கள் வெயில் ஏறுவதற்கு முன்பே இறங்கி விடுகிறார்கள். மையம் திறக்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் போதாது. குழந்தையின் வயிறு சிறியது. ஒரே வேளையில் நிறைய உண்ணாது. ஒரு நாளைக்கு நான்கைந்து முறை, கொஞ்சம் கொஞ்சமாக, பொறுமையாக ஊட்ட வேண்டும். இந்த வேலையைப் பாட்டியிடம் விட்டுச் செல்லலாமே என்பார்கள். கிராமத்துப் பாட்டிமார் பலருக்கு ஐம்பது வயதுகூட ஆகியிருக்காது என்பதையும், அவர்களும் அதே வயலில்தான் நிற்கிறார்கள் என்பதையும் அப்படிச் சொல்பவர்கள் யோசிப்பதில்லை. பாட்டி இல்லாத வீட்டில் மூத்த பெண்பிள்ளை பள்ளிக்குப் போகாமல் தம்பியைத் தூளியில் ஆட்டுகிறாள். அதுவும் இல்லையென்றால் தாய் வேலையை விடுகிறாள், கூலி நிற்கிறது, அதே வீட்டின் உணவு குறைகிறது.

சட்டம் இதைக் காணாமல் இருந்துவிடவில்லை. 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், அதாவது நாம் நூறு நாள் வேலை என்று அறிந்த சட்டம், வேலைத்தலத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளோ அதற்கு மேலோ வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தி, அவருக்கும் அதே கூலியைக் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. குழந்தை வளர்ப்பும் மண் வெட்டுவதைப் போலவே கூலிக்குரிய வேலை என்று ஏற்றுக்கொண்ட அந்த ஒரு வரியை நான் பெரிதாக மதிக்கிறேன். நடைமுறையில் ஒரு மரத்தடியும் ஒரு புடவைத் தூளியுமாக அது சுருங்கிப்போன இடங்களே மிகுதி. வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் தேசியக் காப்பகத் திட்டமும் இருந்தது. ஒரு காப்பகத்துக்கு இருபத்தைந்து குழந்தைகள், மாதத்தில் இருபத்தாறு நாள், நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் என்று அதன் அளவுகள் நன்றாகவே வகுக்கப்பட்டிருந்தன. ஆனால் 2017இல் பணியாளருக்கு அது நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் மூவாயிரம் ரூபாய், உதவியாளருக்கு ஆயிரத்து ஐந்நூறு. அதே பெண் களையெடுக்கப் போனால் இதைவிடக் கூடுதலாக ஈட்டுவாள். பின்னர் இத்திட்டம் பால்னா என்ற பெயரில் மாற்றப்பட்டு, அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைத்து நடத்த வழி செய்தது. நம் கிராமங்களுக்குப் பொருந்தும் வழி அதுவே என்பது என் கருத்து. கட்டடமும் அடுப்பும் எடைக்கருவியும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன.

ஊர் மக்களே முன்நின்று இதைச் செய்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். சத்தீஸ்கர் மாநிலத்தில் பிலாஸ்பூருக்கு அருகே கனியாரி என்ற ஊரில் மருத்துவப் பணி செய்து வரும் ஜன் ஸ்வாஸ்திய சஹயோக் என்ற அமைப்பு, காட்டோரக் கிராமங்களில் ஃபுல்வாரி எனப்படும் குழந்தைகள் காப்பகங்களை நடத்தத் துணை நின்றது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளே அங்கே வருகிறார்கள். நம் அங்கன்வாடி தவறவிடும் வயதும் இதில் அடங்கும். பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் அந்தந்த ஊர்ப் பெண்களே பார்த்துக்கொள்கிறார்கள். பெரிய கட்டடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஊரில் கிடைத்த வீட்டிலேயே நடக்கிறது. சத்துமாவும், எண்ணெய் சேர்த்த கிச்சடியும் அங்கேயே கிண்டி ஊட்டப்படுகின்றன. கைக்குழந்தைக்கு எண்ணெய் எதற்கு என்று நம் பக்கத்திலும் கேட்பார்கள். சிறிய வயிற்றில் கூடுதல் ஆற்றலைச் சேர்க்க அதுவே எளிய வழி. அதே மாநிலத்தின் சர்குஜா மாவட்டத்தில் தாய்மார்கள் முறை வைத்துக்கொண்டு, ஊராட்சியின் துணையோடு நடத்திய வடிவமும் உண்டு. முறை வைத்துப் பார்ப்பதில் செலவு குறைவு, நம்பிக்கை அதிகம். ஆயினும் கூலி வேலையை நம்பி வாழும் தாய்க்கு முறை வரும் நாள் கூலி இழக்கும் நாள் என்பதால், நம் ஊர்களுக்கு ஊதியம் பெறும் பெண்ணையே நான் பரிந்துரைப்பேன்.

நம் ஊரில் இதைத் தொடங்க விரும்புவோர், முதலில் மகளிர் குழுக்களைக் கொண்டு வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும்: மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, தாய் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாள், எந்த மாதங்களில் வேலை இல்லை என்ற மூன்று விவரங்கள் போதும். பிரதான ஊரிலிருந்து தள்ளியிருக்கும் காலனிகளை விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் அங்கேதான் மையமும் இல்லை, கூலிக்குப் போகாத தாயும் இல்லை. உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13ஆம் நாள் பிறப்பித்த ஆணையின்படி, ஆறு வயதுக்குட்பட்ட நாற்பது குழந்தைகளேனும் இருந்து, அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கோரிக்கை வைத்தால், மூன்று மாதத்துக்குள் மையம் அமைக்கப்பட வேண்டும். இந்த உரிமை பலருக்குத் தெரியாது.

கணக்கு கையில் வந்ததும் அதைக் கிராம சபைக்குக் கொண்டு செல்லுங்கள். குடியரசு நாள் தொடங்கி உள்ளாட்சி நாள் வரை ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. 'காப்பகம் வேண்டும்' என்று ஒரு வரியில் முடியும் தீர்மானம் கோப்பில் தூங்கும். ஆகவே, நடவு, அறுவடைக் காலங்களில் காலை ஏழு மணிக்குத் திறக்க வேண்டும் என்பதையும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் அங்கேயே சமைத்து ஊட்ட வேண்டும் என்பதையும், அதற்கான கூடுதல் பணியாளரின் ஊதியம் ஊரில் பெண்கள் வாங்கும் ஒரு நாள் கூலிக்குக் குறையக் கூடாது என்பதையும் தீர்மானத்திலேயே எழுதி, கணக்கெடுப்புத் தாளை இணைத்து, நகலை வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். அடுத்த கிராம சபையில் முதல் கேள்வியை அந்த ஒப்புகையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கலாம்.

வணக்கம்.