ஸ்யோன்: சின்ன நாவலுக்குள் ஒரு நாடு

எல்லாருக்கும் வணக்கம். ஐஸ்லாந்து இலக்கியம் என்றால் 'சாகா' (saga) எனப்படும் பழைய வீரக் கதைகளைச் சொல்வார்கள், அதை விட்டால் 1955-இல் நோபல் வாங்கிய ஹால்டோர் லக்ஸ்னஸைச் சொல்வார்கள். நான் இன்றைக்குப் பேச வந்தது ஸ்யோனைப் பற்றி. சிகுர்யோன் பிர்கிர் சிகுர்த்ஸன் என்பது முழுப்பெயர். 1962-இல் ரெய்க்யாவிக்கில் பிறந்தவர்.

முதல் கவிதைத் தொகுப்பு வந்தது 1978-இல், அப்போது அவர் பள்ளிக்கூட வயதுப் பையன். அப்புறம் நண்பர்களோடு சேர்ந்து 'மெடூசா' என்று ஒரு சர்ரியலிசக் குழு, அதாவது கனவுபோன்ற விசித்திரக் காட்சிகளை எழுதுகிறவர்கள். பாடகி பியோர்க்கும் அந்த வட்டாரத்துத் தோழிதான், அவருக்கு ஸ்யோன் எழுதிய பாடல்கள் பல. 'டான்ஸர் இன் த டார்க்' படப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. 2022-இல் வந்த 'த நார்த்மேன்' படத்தின் திரைக்கதையிலும் அவர் பங்கு உண்டு. இதெல்லாம் சரி, ஆனால் அவர் நிற்கப்போவது நாவல்களால்தான் என்பது என் எண்ணம்.

'நீல நரி' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-இல் வெளிவந்தது, 2005-இல் நார்டிக் கவுன்சில் இலக்கியப் பரிசு பெற்றது. கதை நடப்பது 1883 ஜனவரியில். ஒரு பாதிரியார் பனிமலையில் ஒரு பெண் நரியைத் துரத்துகிறார். இந்தப் பகுதியில் பக்கத்துக்குப் பக்கம் சில வரிகள்தான், மிச்சமெல்லாம் வெள்ளைத் தாள். படிக்கிறவருக்கு அதுவே பனியாகிவிடுகிறது, கவிதை எழுதிப் பழகிய கைக்குத்தான் இது வரும். இன்னொரு பக்கம் அப்பா (Abba) என்று பெயர் கொண்ட ஒரு பெண். பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம் உள்ளவள். கோபன்ஹேகனில் படித்துவிட்டு ஊருக்கு வந்த பிரித்ரிக் அவளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறார், அவள் தனக்கென்று பேசும் மொழியையும் கற்றுக்கொள்கிறார். லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர் இந்தக் குறைபாட்டை விவரித்து எழுதியதே 1866-இல்தான். அப்படிப்பட்ட குழந்தைகளை உயிரோடு விடாத ஓர் ஊரில் இவள் எப்படிப் பிழைத்தாள் என்பதுதான் கதையின் முடிச்சு. அதை நான் அவிழ்க்கப்போவதில்லை.

ஐஸ்லாந்து தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதையில் யாருக்கெல்லாம் இடம் கிடைக்கவில்லையோ, அவர்களைத் தேடிப் போகிறவர் ஸ்யோன். 2008-இல் எழுதிய இன்னொரு நாவலுக்கு யோன் குத்முன்ஸன் என்ற பதினேழாம் நூற்றாண்டு அறிஞரின் வாழ்க்கைதான் மூலம். 1615-இல் ஐஸ்லாந்தின் வடமேற்கிலுள்ள மேற்கு ஃபியோர்டுப் பகுதியில் கப்பல் உடைந்து கரையேறிய, ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பகுதியைச் சேர்ந்த பாஸ்க் இனத் திமிங்கில வேட்டைக்காரர்களை உள்ளூர் அதிகாரி ஆள் திரட்டிக் கொன்றார். அது கொலை என்று எழுதிவைத்தவர் யோன், அவருக்கு அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாமல் போயிற்று. பாஸ்க்காரர்களைக் கொல்லலாம் என்ற பழைய உத்தரவைச் சடங்காகவாவது ரத்து செய்தது 2015-இல். நானூறு வருஷம்!

எனக்கு ரொம்பப் பிடித்தது 2013-இல் வந்த 'மூன்ஸ்டோன்'. 1918 ஐஸ்லாந்துக்கு மறக்க முடியாத வருஷம்: அக்டோபரில் காட்லா எரிமலை வெடிக்கிறது, கூடவே ஸ்பானிஷ் காய்ச்சல் வருகிறது, டிசம்பர் 1-இல் டென்மார்க்கிடமிருந்து இறையாண்மை கிடைக்கிறது. பாடப்புத்தகம் கடைசி விஷயத்தைக் கொண்டாடும். ஸ்யோனோ மானி ஸ்டெய்ன் என்ற பதினாறு வயதுப் பையனைப் பிடித்துக்கொள்கிறார். தாய் தகப்பன் இல்லை, படிப்பு ஏறவில்லை, ஆண்களிடம் உடலை விற்றுக் காசு பார்க்கிறான், அந்தக் காசில் ஊரிலிருக்கும் இரண்டு தியேட்டரிலும் வருகிற படத்தையெல்லாம் பார்த்துவிடுகிறான். காய்ச்சலில் வாத்தியக்காரர்களும் படுத்துவிட, மௌனப் படம் முதல்முறையாக உண்மையிலேயே மௌனமாக ஓடுகிறது. கொள்ளைநோயை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? அதே பையன் பிறகு மருத்துவரோடு வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கிறான். நாடு பிறக்கும் நாளில் அந்த நாடு அவனை என்ன செய்கிறது என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

'நீல நரி', 'மூன்ஸ்டோன்' இரண்டுமே சின்னவை, ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் ஒன்றை முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் விக்டோரியா கிரிப் அருமையாக மொழிபெயர்த்திருக்கிறார். முதலில் 'நீல நரி', அப்புறம் 'மூன்ஸ்டோன்', இந்த வரிசையில் போங்கள். மூன்று பாகமாக வந்த பெரிய நாவலான 'கோடெக்ஸ் 1962'-ஐ அவருடைய நடை பழகிய பிறகு எடுங்கள்.