ஒரே ஒரு டவுட்டு சார்

நடுவர் அய்யாவுக்கும், ரெண்டு அணிக்கும், இந்தப் பனியில தலையில துண்டக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் குடுத்திருக்கிறது பத்து நிமிஷம், தமிழ் வாழ்த்து, ஊர் வாழ்த்து எல்லாம் முன்னாடி பேசுனவங்களே பாடி முடிச்சிட்டாங்க, நான் நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

வரிசையில நிக்கும்போது நமக்கு அதிகம் எரிச்சல் தர்றது மெதுவா நகர்றவங்களா, குறுக்க புகுறவங்களா? இதான தலைப்பு. குறுக்க புகுறவங்கதான்னு சொல்ல வந்திருக்கேன். அவர உங்க எல்லாருக்கும் தெரியும், பேர் மட்டும்தான் தெரியாது.

எங்க ஊர்ல ஒரு பேங்க், எந்த பேங்க்னு வேண்டாம். மாசத்தோட மொத வாரம், பென்ஷன் வாங்க வந்த பெரியவங்க கூட்டம், மூணு கவுண்டர்ல ஒண்ணுலதான் ஆள் இருக்காங்க. ஆபீஸ்ல ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிட்டு பொண்ணுக்கு ஃபீஸ் கட்ட வந்து நிக்கிறேன். நின்னு நின்னு ஒருவழியா எனக்கு முன்னாடி ஒரே ஒரு ஆளுன்னு வந்துடுச்சு. அப்பதான் உள்ள வர்றாரு. வெள்ளைச் சட்டை, கக்கத்துல ஒரு ரெக்ஸின் பை. உள்ள வந்தவரு ஃபேனப் பாக்குறாரு, காலண்டரப் பாக்குறாரு, செவுத்துல ஒட்டியிருக்கிற வட்டி விகிதத்தக் கூடப் படிக்கிறாரு, ஆனா அத்தன பேர் நிக்கிற வரிசையை மட்டும் அவரு கண்ணு பாக்கவே இல்ல. நேரா கவுண்டருக்குப் போயி பக்கவாட்டுல முழங்கைய ஊனிக்கிட்டு, உள்ள இருக்கிறவரப் பாத்து மட்டும் சிரிச்சிக்கிட்டு சொல்றாரு, "சார், ஒரே ஒரு டவுட்டு."

பாத்தீங்களா, சொல்லி முடிக்கல, அதுக்குள்ள கை தட்டுறீங்க. அப்ப இந்த ஊருக்கும் வந்திருக்காரு.

கவுண்டர்ல இருந்தவரு நல்ல மனுஷன், "அய்யா வரிசையில வாங்க"ன்னாரு. அதுக்கு இவரு, "வரிசையெல்லாம் பணம் போடுறவங்களுக்கு சார், எனக்கு டவுட்டுதான்." சரி, என்ன டவுட்டு? "இந்த மாசம் பென்ஷன் ஏறிடுச்சா?" அவரும் தட்டிப் பாத்து ஏறிடுச்சுன்னு சொல்லிட்டாரு. டவுட்டு தீந்துச்சுல்ல, கிளம்பணும்ல? "அப்ப அத அப்படியே என்ட்ரி போட்டுக் குடுத்துடுங்க"ன்னு பாஸ்புக்க நீட்டுறாரு. அது மெஷினுக்குள்ள போயி க்ரீச் க்ரீச்னு ரெண்டு வரி அடிச்சு நின்னுடுச்சு, ஏன்னா பக்கம் தீந்துபோச்சு. புது புக்கு போடணும். புது புக்குக்கு ஒரு கையெழுத்து வேணும். கையெழுத்துக்குப் பேனா வேணும். இப்பதான் மொத தடவையா வரிசைப் பக்கம் திரும்புறாரு, "யம்மா, அந்தப் பேனாவ கொஞ்சம் குடும்மா." என் பேனா! குடுத்தேன், பெரியவரு கேக்குறாரேன்னு குடுத்தேன். கையெழுத்துப் போட்டாரு. முடிஞ்சுதுன்னு நானும் அரை அடி முன்னாடி வெச்சேன். ரெக்ஸின் பை ஜிப்ப திறந்தாரு. உள்ள இருந்து இன்னொரு பாஸ்புக்கு வருது. "சார், இது நம்ம மச்சினனுது. இதுல ஒரே ஒரு டவுட்டு."

நடுவர் அவர்களே, அந்த மச்சினன் டவுட்டு முடிய எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நான் சொல்லல. எல்லாம் முடிச்சிட்டு அவரு திரும்பி வரிசையைப் பாத்து, எங்க மேல ரொம்ப இரக்கப்பட்டு ஒரு வார்த்தை சொன்னாரு, "இந்த பேங்க்ல எப்பவுமே லேட்டும்மா." பேனா அவரோட போயிடுச்சு.

இவரு பேங்க்ல மட்டும் இருந்தா விட்டுடலாம். மெடிக்கல்ல சீட்டு வெச்சிக்கிட்டு நாம நிப்போம், தோளுக்கு மேல ஒரு கை நீளும், "ஒரே ஒரு மாத்திரதான், சில்லறையா இருக்கு." ரயில்வே கவுண்டர்ல தட்கல் ஃபாரத்தோட விடியக்காலையில இருந்து நிப்போம், ஏசிக்கு பத்து மணி, ஏசி இல்லாததுக்கு பதினொண்ணுன்னு ஒவ்வொரு நிமிஷமும் உயிர் போற நேரம், சரியா ஒம்போது அம்பத்தி ஒம்போதுக்கு ஒரு தலை உள்ள வரும், "சார், நேத்து எடுத்த டிக்கெட்டு, கன்ஃபர்ம் ஆயிடுச்சா, ஒரே ஒரு... " சொல்லுங்க, என்ன? ஆங், டவுட்டு! கோயில்ல சாமி முன்னாடி கூட வந்து நிக்கிறாரு அய்யா. அர்ச்சனைத் தட்டோட நாம ஊர்ந்து ஊர்ந்து வந்தா, "சாமி, அபிஷேகம் எத்தன மணிக்கு, ஒரே ஒரு டவுட்டு"ன்னு கேட்டுக்கிட்டே கர்ப்பகிரகத்துக்கு நேரா நின்னு கண்ண மூடிடுறாரு. கண்ண மூடிட்டவர எப்படி நகரச் சொல்றது?

இப்ப எதிரணியில மூணாவதா பேசுன தம்பிக்கு வரேன். நல்லா பேசுனீங்க தம்பி, குரலும் நல்லாருக்கு. ஆனா போற போக்குல ஒண்ணு சொன்னீங்க, "அக்காவுக்கு வரிசையோட கஷ்டம் என்ன தெரியும், எங்க போனாலும் லேடீஸ் க்யூ இருக்கு, சுளுவா வாங்கிட்டுப் போயிடுவாங்க"ன்னு. இந்தப் பக்கம் உக்காந்திருக்கிற ஆம்பளைங்க விசில் வேற. நான் குறிப்பு எழுதிட்டு வந்தது வேற, ஆனா இதுக்குப் பதில் சொல்லாம இறங்கினா அங்க பாய் விரிச்சு உக்காந்திருக்கிற அம்மாமாருங்க என்ன சும்மா விடமாட்டாங்க.

லேடீஸ் க்யூ சுளுவா? ரேஷன் கடைக்கு வாங்க தம்பி. பருப்பு, பாமாயில் வந்திருக்குன்னு சேதி தெரிஞ்ச அன்னைக்கு வாங்க. பொம்பளைங்க வரிசையில நாப்பது பேரு, ஆம்பளைங்க வரிசையில ஆறு பேரு. கடைக்காரரு நியாயமான ஆளு, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு கூப்பிடுவாரு. பன்னெண்டு பேருக்குப் போட்டு முடிச்சா என்ன ஆகும்? அந்தப் பக்கம் வரிசை காலி. இந்தப் பக்கம் இன்னும் முப்பத்தி நாலு பேரு இடுப்பப் புடிச்சிக்கிட்டு நிக்கிறோம். அந்த நேரம் பாத்து ஒருத்தரு டிவிஎஸ் ஃபிஃப்டிய நிறுத்திட்டு, சாவிய விரல்ல சுத்திக்கிட்டு வருவாரு, நேரா போயி கவுண்டர்ல நிப்பாரு, அடுத்தது அவருதான். அவரு புகுந்துட்டாருன்னு கூட சொல்ல முடியாது, அவரு முறையா வரிசையிலதான் நின்னாரு, அந்த வரிசையில அவரு மட்டும்தான் நின்னாரு! இதத்தான் சுளுவுன்னு சொல்றீங்களா?

கொஞ்சம் இருங்க, இன்னும் இருக்கு. அந்தக் காலத்து தியேட்டர்ல லேடீஸ் கவுண்டர் இருந்துச்சே, அதுல உண்மையில டிக்கெட்டு எடுத்தது யாரு? தீவாளி ரிலீஸ் அன்னைக்கு குழந்தைய இடுப்புல வெச்சிக்கிட்டு நிப்போம், கம்பிக்கு அந்தப் பக்கத்துல இருந்து "அக்கா, எனக்கு ரெண்டு", "அக்கா, அப்படியே ஒரு நாலு"ன்னு நோட்டு நோட்டா நீளும். எங்க வரிசைக்குள்ள கை மட்டும் புகுந்த ஆம்பளைங்க எத்தன பேரு! எங்களுக்கே டிக்கெட்டு தீந்துபோயி திரும்பி வந்திருக்கோம். 2019ல சென்னைக்குத் தண்ணி குடுக்கிற ஏரியெல்லாம் வறண்டுபோச்சே, அப்ப லாரித் தண்ணிக்கு ராத்திரி ரெண்டு மணிக்குக் குடத்தோட முழிச்சிருந்தது யாரு? பச்ச, சிவப்பு, நீலம்னு தெரு நீளத்துக்கு பிளாஸ்டிக் குடம் நிக்கும், கழுத்துல கட்டியிருக்கிற துணிய வெச்சே இது இன்னார் வீட்டுக் குடம்னு சொல்லிடுவாங்க, ஆளு உள்ள போயி ஒல வெச்சிட்டு வந்தாலும் அந்தக் குடம் வெச்ச இடத்துலயே இருக்கும், பக்கத்துக் குடத்துக்காரம்மா காவல். வரிசைன்னா என்னன்னு எங்களுக்கா தெரியாது? தம்பி, நீங்க வீட்டுக்குப் போயி உங்க அம்மாகிட்ட கேளுங்க.

தலைப்ப விட்டுட்டேன்னு நடுவர் அய்யா பாக்குறாரு, வந்துடறேன். எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி. இந்த நாட்டுல வரிசைக்குன்னு போட்ட கண்டிஷனெல்லாம் யாருக்காகப் போட்டது? 2016 நவம்பர்ல ஐநூறு, ஆயிரம் செல்லாதுன்னு சொன்னாங்களே, நோட்டு மாத்த வந்தவங்க விரல்ல ஓட்டுக்கு வெக்கிற மைய வெச்சாங்க. எதுக்கு? நிதானமா நோட்ட எண்ணுன தாத்தாவுக்காகவா? ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து அடுத்தவன் பங்க எடுத்துடக் கூடாதுன்னு வெச்சாங்க. தட்கல் திறந்த மொத அரை மணி நேரம் ஏஜென்ட்டு எடுக்கக் கூடாதுன்னு ரயில்வே சொல்லுதே, அது எழுத்துக் கூட்டி ஃபாரம் நிரப்புற அம்மாவுக்காகவா? 2022ல இலங்கையில பெட்ரோலுக்கு மைல் கணக்குல வண்டி நின்னப்ப, ஜூலை மாசத்துல க்யூஆர் கோடு கொண்டாந்து ஒரு வண்டிக்கு வாரத்துக்கு இவ்வளவுதான்னு அளவு வெச்சாங்க, அதுவும் மெதுவா வண்டிய உருட்டிக்கிட்டு வந்தவரத் தடுக்க இல்ல. மெதுவா இருக்கிறவங்களுக்கு ஊரு உலகம் என்ன செஞ்சுது தெரியுமா? ரயில்ல கீழ் பெர்த்து குடுத்துச்சு. 2025 ஆகஸ்ட்ல தாயுமானவர் திட்டம்னு தொடங்கி, எழுவது வயசு தாண்டினவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரிசிய வீட்டு வாசலுக்கே கொண்டு போயி குடுத்தாங்க. ஒருத்தருக்குத் தடை, ஒருத்தருக்கு உதவி. யாரால தொல்லைன்னு அரசாங்கத்துக்கே தெரிஞ்சிருக்கு.

இப்ப தம்பி சொன்ன பாட்டி கதைக்கு வரேன். ரேஷன் கடையில ஒரு பாட்டி பத்து விரலையும் மாத்தி மாத்தி மெஷின்ல வெச்சாங்க, அவங்க முடிக்கிறதுக்குள்ள எனக்கு தாடியே வளந்துடுச்சுன்னு சொன்னீங்க, எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல தம்பி. எங்க அம்மா பீடி சுத்துனவங்க. இலைய நனைச்சு, வெட்டி, தூள் வெச்சு, சுருட்டி, நூல் கட்டி, நாளெல்லாம் அதே விரலு. அதுலதான் நான் படிச்சேன், இன்னைக்கு இந்த மைக் முன்னாடி நிக்கிறேன். 2020 அக்டோபர்ல ரேஷன் கடைக்குக் கைரேகை மெஷின் வந்துச்சு. எங்க அம்மா விரல வெச்சாங்க, எடுக்கல. முந்தானையில துடைச்சிட்டு வெச்சாங்க, எடுக்கல. எண்ணெய்ப் பசை வரட்டும்னு தலைமுடியில தேச்சிட்டு வெச்சாங்க, அப்பவும் எடுக்கல. ரேகை எங்க இருக்கும், அதத்தான் எங்களுக்குச் சோறா போட்டுட்டாங்களே. பின்னாடி நிக்கிறவங்க உச்சுக் கொட்டுறது அவங்க காதுல விழுது, "கோவிச்சிக்காதீங்கய்யா, கோவிச்சிக்காதீங்கம்மா"ன்னு திரும்பித் திரும்பி எல்லார்கிட்டயும் சொல்றாங்க.

அப்ப ஒருத்தரு முன்னாடி வந்தாரு. உதவி பண்ணத்தான் வர்றாருன்னு நெனச்சேன். "அந்தம்மாவுதுதான் எடுக்கலையே, அதுக்குள்ள என்னுத போட்டுடு"ன்னு எங்க அம்மா கைய ஒதுக்கிட்டுத் தன் விரல வெச்சாரு. அவருக்கு உடனே எடுத்துடுச்சு. வாங்கிட்டுப் போயிட்டாரு. எங்க அம்மா ஓரமா நகந்து நின்னுக்கிட்டாங்க நடுவர் அவர்களே, தப்பு அவங்க மேலதான்ற மாதிரி. உச்சுக் கொட்டுன அதே வரிசையில இருந்து ஒரு பொண்ணு, யாரோ, முன்ன பின்ன தெரியாது, அதுதான் வந்து "இங்க குடுங்க ஆத்தா"ன்னு எங்க அம்மா கட்டை விரலத் தன் கையில புடிச்சு மெதுவா அழுத்துச்சு.

மெதுவா இருக்கிறவங்களால நமக்குப் பத்து நிமிஷம் போகும். குறுக்க புகுறவங்களால மெதுவா இருக்கிறவங்களுக்கு என்ன போகும்? 2005 டிசம்பர் 18, சென்னை எம்ஜிஆர் நகர். வெள்ள நிவாரண டோக்கனுக்காக விடியறதுக்கு முன்னாடியே கூடுன கூட்டம், நெரிசல்ல 42 பேரு செத்துப் போனாங்க. 2023 பிப்ரவரியில வாணியம்பாடி, தைப்பூசத்துக்கு இலவசச் சேலை குடுக்க டோக்கன் தர்றோம்னு சொன்ன இடத்துல நாலு பேரு. நாலு பேருமே வயசான அம்மாக்கள். எல்லாரும் ஒரே நேரத்துல முந்தும்போது, முந்த முடியாதவங்கதான கீழ விழுவாங்க? ஒரு சேலைக்காகக் கிளம்பிப் போனவங்க அய்யா, சாயங்காலம் திரும்பி வந்துடுவேன்னு வீட்டுல சொல்லிட்டுப் போயிருப்பாங்க...

மணி அடிச்சிட்டாங்க, தெரியுது, முடிச்சிடறேன். இன்னும் ரெண்டு பாயின்ட்டு எழுதி வெச்சிருந்தேன், அது கெடக்கட்டும். நடுவர் அய்யா, தீர்ப்ப எப்படி வேணாலும் சொல்லுங்க, எங்க அணி தோத்தாலும் பரவாயில்ல, ஆனா அந்தப் பாட்டியாலதான் எரிச்சல்னு மட்டும் இந்த மேடையில இருந்து சொல்லிடாதீங்க. கூட்டத்துல எங்கயாச்சும் அவங்க உக்காந்திருப்பாங்க. நன்றி, வணக்கம்.