நடுவழியில் நிற்கும் பனை

(யாழ்ப்பாணத்தில் எங்கள் வாசிகசாலை மண்டபத்தில் பேசியது. கேட்டவர்கள் விரும்பியதால் எழுத்தில் தருகிறேன்.)

பெரியோர்களே, தம்பிமாரே, தங்கைமாரே,

வயர் இல்லாமல் இணையத்தைக் கொண்டுபோகிற நீண்டதூர ரேடியோ லிங்க் போடுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். ஓர் இடத்தில் ஒரு டிஷ், இன்னோர் இடத்தில் ஒரு டிஷ், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் விஷயம். என்னிடம் வருகிற எல்லாரும் முதலில் கேட்பது, "அண்ணை, எவ்வளவு தூரம் போகும்?" என்றுதான். தூரம் எனக்கு ஒருநாளும் பெரிய தொல்லை தந்ததில்லை. தொல்லை தந்ததெல்லாம் நடுவில் இருந்தவை.

கணக்கைப் பாருங்கள். வைஃபை பாவிக்கிற 5.8 கிகாஹேர்ட்ஸ் அலை வெறும் வெளியில் 10 கிலோமீற்றர் போனால் 128 டெசிபெல் இழப்பு (சிக்னல் எவ்வளவு மெலிகிறது என்பதை அளக்கிற அளவு டெசிபெல்). 35 கிலோமீற்றர் போனால் 139. தூரம் மூன்றரை மடங்கு கூடியும் மேலதிக இழப்பு 11 டெசிபெல்தான். இந்த 11 டெசிபெல்லை வழியில் நிற்கிற ஒற்றை மாமரம் மழையில் நனைந்து நின்றால் தனியே விழுங்கிவிடும். 2007இல் வெனிசுவேலாவில் எர்மானோ பியெத்ரோசெமோலி என்ற பேராசிரியரும் கூட்டாளிகளும் சாதாரண வைஃபை கருவிகளை வைத்து 382 கிலோமீற்றர் லிங்க் போட்டுக் காட்டினார்கள். அவர்களுக்கு ஆண்டிஸ் மலை இருந்தது. எங்களுக்கு என்ன இருக்கிறது? பனை.

யாழ்ப்பாண நகரத்திலிருந்து நெடுந்தீவுக்கு ஒரே தாவலில் லிங்க் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 35 கிலோமீற்றர். இடையில் வேலணை, புங்குடுதீவுப் பக்கம். முதல் தடை பூமியே. கடற்தொழிலுக்குப் போகிற ஆட்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டப் போகிற படகின் உடல் முதலில் மறையும், பாய்மரம் கடைசியில் மறையும். வளிமண்டலம் அலையைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைத்து உதவி செய்கிறது. அந்த உதவியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும், 35 கிலோமீற்றர் பாதையின் நடுவில் பூமி 18 மீற்றர் புடைத்து நிற்கும்.

அடுத்தது ஃபிரனெல் வலயம். ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் போவதில்லை. இரண்டு டிஷ்களுக்கும் நடுவில் ஒரு பெரிய வெள்ளரிப்பழம் கிடக்கிறதாக நினையுங்கள். நுனிகள் ஒடுக்கம், நடு பருமன். அலை போக அவ்வளவு இடமும் வேண்டும். நாங்கள் சொன்ன பாதையில் நடுப்பகுதியின் ஆரம் 21 மீற்றர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 13 மீற்றராவது வெறுமையாக இருக்கவேண்டும். கண்ணுக்கு எதிர்முனை தெரிகிறதே என்று டிஷ்ஷைப் பூட்டிவிட்டு ஏமாந்தவர்கள் எல்லாரும் இந்த வெள்ளரிப்பழத்தை மறந்தவர்கள்தான். ஃபிரனெல் 1827இல் இறந்துபோன பிரெஞ்சுக்காரர், வானொலியைக் கண்டதேயில்லை. வெளிச்சவீடுகளுக்குக் கண்ணாடி வில்லை செய்து கொடுத்தவர். பருத்தித்துறை வெளிச்சவீட்டைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அந்த மனிதர் ஞாபகம் வரும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். புடைப்பு 18, வெறுமை 13, அதற்குக் கீழே தீவில் நிற்கிற பனை ஒரு 20. மொத்தம் 51 மீற்றர். இரண்டு முனையிலும் ஆளுக்கு 51 மீற்றரில் ரவர்! செலவை விடுங்கள், அனுமதிக்கு எத்தனை கந்தோர் ஏறி இறங்கவேண்டும். இதே வேலையைப் புங்குடுதீவில் இருக்கிற குறிகட்டுவான் பக்கத்தில் ஒரு இடைநிலையம் வைத்து இரண்டு தாவலாகச் செய்தால், கடலைக் கடக்கிற பகுதி ஏறக்குறைய 10 கிலோமீற்றர். புடைப்பு ஒன்றரை மீற்றர், வெறுமை 7 மீற்றர். பத்துப் பன்னிரண்டு மீற்றர் கம்பத்தில் அந்தப் பக்கம் முடிந்துவிடும். நகரத்துப் பக்கத் தாவலும் குறுகுவதால் அங்கேயும் உயரம் குறையும். ஒரே தாவலில் போட்டேன் என்று பெருமை பேச ஆசைப்படுகிறவர்கள் பெருமைக்கும் சேர்த்துக் காசு கட்டவேண்டும்.

கணினியில் நில அமைப்பைப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் குடாநாடு அதில் தோசைக்கல் மாதிரித் தட்டையாகத் தெரியும். எந்த வளவில் எந்தப் பனை நிற்கிறது என்று அது சொல்லாது. ஒருமுறை ஒரு பாதையைப் பார்க்கப் போனபோது, சீவல் தொழில் செய்கிற ஐயா ஒருவர் பனை உச்சியில் நின்றார். கீழே நின்று கேட்டேன். "வடக்காலை ரண்டு பனை மறைக்குது தம்பி, மற்றப்படி கோயில் கோபுரம் வரைக்கும் வெளி" என்றார். அரைநாள் வேலை மிச்சம்.

தடையே இல்லாத பாதையும் ஏமாற்றும். பரவைக்கடலைக் கடந்து 10 கிலோமீற்றரில் ஒரு லிங்க். இரண்டு பக்கமும் 30 மீற்றர் உயரத்தில் டிஷ். இடையில் தண்ணீர் மட்டும், ஒரு மரமில்லை. காலையில் பூட்டி முடித்துச் சிக்னல் பார்த்தோம், அருமை. பின்னேரம் தொலைபேசி அடித்தது, லிங்க் விழுந்துவிட்டது என்று. இரவு தானாக வந்தது. மறுநாளும் இதே கூத்து. வயரை மாற்றினோம், ரேடியோவை மாற்றினோம். நாலாம் நாள்தான் எனக்கு வற்றுப்பெருக்கு ஞாபகம் வந்தது. தட்டையான தண்ணீர் அலைக்குக் கண்ணாடி. நேரே வருகிற அலையும் தண்ணீரில் பட்டு வருகிற அலையும் எதிரெதிராகச் சேர்ந்தால் ஒன்றையொன்று அழிக்கும். தண்ணீர் அரை மீற்றர் ஏறி இறங்கினாலே அந்தச் சேர்க்கை மாறிவிடும். மேலே நின்ற தம்பியிடம் டிஷ்ஷை நாலு மீற்றர் கீழே இறக்கச் சொன்னேன். "அண்ணை, ஏத்தவோ இறக்கவோ?" என்று மூன்று தரம் கேட்டான். இறக்கினான். அதற்குப் பிறகு அந்த லிங்க் பின்னேரத்தில் விழவில்லை.

வைஃபை கருவியை வைத்தால் இன்னொரு சிக்கல். அனுப்புகிற ஒவ்வொரு தரவுப் பொதிக்கும் "கிடைத்தது" என்று பதில் வரும்வரை அது காத்திருக்கும். வீட்டுக்குள் பாவிக்கச் செய்த கருவி, பொறுமை குறைவு. 35 கிலோமீற்றர் போய்த் திரும்ப 233 மைக்ரோசெக்கன் பிடிக்கும். அதற்குள் பொறுமை இழந்து திருப்பி அனுப்பத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் தேனிப் பக்கம் அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராமக் கண் நிலையங்களோடு இணைத்த அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை மாற்றி, ஆளுக்கு ஒரு நேரம் ஒதுக்கிப் பேச வைத்தார்கள். கிராமத்து நோயாளி நகரத்து வைத்தியருடன் வீடியோவில் பேசினார். இப்போது இதற்கென்றே கருவிகள் கடையில் கிடைக்கின்றன.

மழையைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 5 கிகாஹேர்ட்ஸில் மாரி மழை பெரிய பொருட்டல்ல. 10க்கு மேலே போகிறவர்கள்தான் பயப்படவேண்டும். எனக்குப் பயம் உப்புக்காற்றும் இடியும். கடற்கரையில் சாதாரண ஆணி ஒரு வருடத்தில் துருவாகக் கொட்டும். மின்னலுக்கு நிலக்கம்பி அடிப்போம் என்றால் எங்கள் செம்மண் ஒரு முழம், அதற்குக் கீழே சுண்ணக்கல். கம்பி இறங்காது. செம்புப் பட்டியைக் கிடையாகக் கான் வெட்டிப் புதைப்பதுதான் வழி.

போன மாதம் பழைய லிங்க் ஒன்றின் பாதை வழியே சைக்கிளில் போனேன். நடுவழியில் ஒரு வளவில் புதிதாகப் பத்துத் தென்னம்பிள்ளை. வீட்டுக்கார அம்மாவிடம் மெல்லக் கதை கொடுத்தேன்: "அம்மா, இதுகள் வளர்ந்தால் எங்கட சிக்னலை மறைக்கும்." அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப உங்கட ரவரை உயத்துங்கோ தம்பி. நான் சம்பலுக்குத்தான் வைச்சனான்."