அடித்தல் திருத்தல் உள்ள தாள்

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, சீரியலை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பிள்ளைகளுக்குக் கல்வி ஆழமாக வருவது தவறு செய்து கற்பதாலா, தவறில்லாமல் பழகுவதாலா? இதுதான் தலைப்பு. தவறு செய்து கற்பதால்தான் என்று பேச வந்திருக்கிறேன். எங்கள் அணித் தலைவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "எடிசன் பல்பை மட்டும் தொடாதே தம்பி, பட்டிமன்ற மேடையில் அது எரிந்து எரிந்து ஃபியூஸே போய்விட்டது." சரி, தொடவில்லை.

எதிரணிச் சகோதரி, "அடித்தல் திருத்தல் இல்லாத தாளுக்குத்தான் மதிப்பு" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். பன்னிரண்டு வருடம் அதைக் கேட்டே வளர்ந்தவன், கை தானாகத் தட்டுகிறது. ஆனால் அப்படிப்பட்ட தாள் எப்படித் தயாராகிறது என்றும் எனக்குத் தெரியும். நான் பிளஸ் டூ படித்த பள்ளியின் வேதியியல் ஆய்வகத்துக்குக் கொஞ்சம் வாருங்கள்.

பியூரெட் என்ற அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் பொட்டாசியம் பெர்மாங்கனேட், நாவல்பழ நிறத்தில். கீழே கூம்புக் குடுவையில் 20 மில்லி பெர்ரஸ் சல்பேட் கரைசல். மேலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுந்த நிறமெல்லாம் மறைந்துகொண்டே வரும். ஏதோ ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கும். அதுதான் முடிவுநிலை. எங்கள் வகுப்பில் 45 பேர். 45 ரெக்கார்டு நோட்டிலும் ஒரே அளவு, தசமப் புள்ளிக்குப் பின்னாலும் அதே எண். போன வருட அண்ணன்மார் நோட்டிலும் அதே எண்தான். பாட்டன் சொத்து போல அது கைமாறி வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் அவசரத்தில் குடுவையில் நீர்த்த கந்தக அமிலம் ஊற்ற மறந்துவிட்டேன். பெர்மாங்கனேட்டை விட விடக் குடுவை பழுப்பாகக் கலங்கியது, கொதித்துக் கொதித்துக் கெட்டுப்போன டீ மாதிரி. பயந்துபோய்த் தொட்டியில் கொட்டப் போனேன். ஆசிரியர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொட்டாதே. என்னத்தை விட்டே?"

"ஆசிட் சார்."

"அது இல்லேன்னா என்ன ஆகும்னு குடுவையே சொல்லுது. பாரு."

அமிலம் போதுமான அளவு இருந்தால் பெர்மாங்கனேட் முழுசாக வினைபுரிந்து நிறமற்ற உப்பாகிவிடும். இல்லையென்றால் பாதி வழியிலேயே மாங்கனீசு டை ஆக்சைடு என்ற பழுப்புப் பொருளாக நின்றுவிடும். இரும்பும் தன் பங்குக்குத் துரு நிறத்தில் கலக்கும். 'நீர்த்த கந்தக அமிலம் சேர்க்கவும்' என்ற வரியை அதுவரை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எதற்காகச் சேர்க்கிறோம் என்பது அந்தக் கலங்கலைப் பார்த்த பிறகுதான் மண்டையில் ஏறியது. இன்றைக்கு என் பிழைப்புக்கும் வேதியியலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரெக்கார்டில் எழுதிய அந்தச் சரியான எண் சுத்தமாக மறந்துவிட்டது. பழுப்பு மறக்கவில்லை.

இதை ரெக்கார்டில் எழுதலாமா சார் என்று கேட்டேன். சிரித்தார். "மார்க்கு போயிரும்டா" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு நல்ல ஆசிரியரையே அப்படிச் சொல்ல வைக்கிறதே, அந்த ஏற்பாட்டைத்தான் எதிரணி மேடை போட்டுக் காப்பாற்றுகிறது.

அடுத்து வந்த அண்ணன் ராமானுஜனை இழுத்தார். கனவில் நாமகிரித் தாயார் சூத்திரம் சொன்னாள், அவர் எழுதினார், அங்கே தவறுக்கு ஏது இடம் என்றார். அண்ணே, அந்தக் கும்பகோணத்துப் பிள்ளை காகித விலைக்குப் பயந்து சிலேட்டில் கணக்குப் போட்டவர். துணி எடுத்துத் துடைக்கப் பொறுமையில்லாமல் முழங்கையால் அழித்தவர். முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். நாம் கும்பிடுவது அந்த நோட்டை. போட்டுப் பார்த்துச் சரிவராததெல்லாம் முழங்கையோடு போய்விட்டது. அப்படியும் சில தப்பி வெளியே வந்தன. 1913 ஜனவரியில் இங்கிலாந்தின் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், ஒரு எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்பதை அநேகமாகப் பிசகே இல்லாமல் சொல்லும் வழி தன்னிடம் உண்டு என்றார். அது தவறு. கேம்பிரிட்ஜில் ஹார்டியும் அவருடைய சக கணித அறிஞர் லிட்டில்வுட்டும் அந்தத் தவறைக் கண்டுகொண்டார்கள். கடிதத்தில் பிழை இருக்கிறது, போய் இம்போசிஷன் எழுதிக்கொண்டு வா என்றா சொன்னார்கள்? 1914இல் ஆளையே கப்பலேற்றி வரவழைத்துக்கொண்டார்கள்.

ஒரு பையனின் குடுவையையும் ஒரு மேதையின் சிலேட்டையும் வைத்து வகுப்பு நடத்த முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மனு கபூர் என்ற கல்வி ஆய்வாளர் சிங்கப்பூரில் நடத்திப் பார்த்தார். திட்டவிலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று அளக்கும் கணக்கு, சொல்லித்தர வேண்டும். ஒரு குழுவுக்கு முதலில் சூத்திரம், பிறகு பயிற்சி, நம் ஊர் வழக்கம்போல. இன்னொரு குழுவிடம் சில கால்பந்து வீரர்கள் வருடாவருடம் அடித்த கோல் கணக்கைக் கொடுத்து, 'இதில் சீராக ஆடியவர் யார், கண்டுபிடிக்க நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்' என்று விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் என்னென்னவோ வழி சொன்னார்கள், சரியான சூத்திரத்தை யாரும் எட்டவில்லை. அதற்கு அப்புறம்தான் பாடம். இரண்டு குழுவுக்கும் மொத்த நேரம் ஒன்றே. கணக்குப் போடுவதில் இரண்டும் சமமாக வந்தன. 'இது எதற்கு, ஏன் இப்படி' என்ற கேள்விகளிலும், முன்பின் பார்க்காத கணக்கிலும், முதலில் தடுமாறிய குழு முந்திக்கொண்டது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: பிள்ளைகளைத் தடுமாற விட்டுவிட்டு ஆசிரியர் டீ குடிக்கப் போய்விட்டால் அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

தோல்வி பிள்ளையை உடைத்துவிடும் என்று சகோதரி குரல் தழுதழுக்கச் சொன்னார். எனக்கும் வலித்தது. ஆனால் ஒரு குழந்தையை எல்.கே.ஜி. முதல் எங்கேயும் சறுக்க விடாமல் பொத்திப் பொத்தி வளர்த்து, அதன் முதல் தோல்வியையே மே மாதம் ரிசல்ட் நாளில், சொந்தபந்தம் எல்லாம் போன் போட்டு விசாரிக்கும்போது பார்க்க வைக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு விழுந்து எழுந்த பழக்கம் எங்கே இருக்கும்? 2017இல் தமிழ்நாட்டில் மாநில ரேங்க் பட்டியலை நிறுத்தினார்கள். நல்ல காரியம். வீட்டுக்குள் ஒட்டியிருக்கும் பட்டியலை யார் கிழிப்பது?

கடைசியாக, டாக்டர் தப்பு செய்து கற்றால் நோயாளி கதி என்ன, டிரைவர் தப்பு செய்து கற்றால் பயணி கதி என்ன என்று ஒரு பெரிய குண்டு போட்டார்கள். எல் போர்டு காரில் யாராவது ஏறியிருக்கிறீர்களா? கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். நாம் கிளட்ச்சைத் தப்பாக விடலாம், கியரைக் கரகரவென்று போடலாம், வண்டி குலுங்கி நிற்கலாம். பஸ்ஸுக்கு அடியில் போகும் முன் அவர் மிதித்துவிடுவார். பள்ளிக்கூடத்தை நான் அந்தக் காராகக் கேட்கிறேன்.

நடுவர் அவர்கள் மணி மேல் கை வைத்துவிட்டார்கள். சகோதரி இன்றைக்குத் தாமே கார் ஓட்டிக்கொண்டு வந்ததை வாசலில் பார்த்தேன், ரிவர்ஸ் எடுத்து அழகாக நிறுத்தினார். ஓட்டக் கற்ற முதல் நாள் அந்த வண்டி நடுரோட்டில் எத்தனை தடவை நின்றது, பின்னாலிருந்து யார் யார் ஹாரன் அடித்தார்கள் என்பதை அடுத்த சுற்றில் அவரே சொல்லட்டும். நன்றி, வணக்கம்.