0800: காசு யாருடைய கணக்கில்?

நேயர்களுக்கு வணக்கம். நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்னும் ஒரு பழக்கம் இருக்கிறது. கடிதத்தில் 0800 என்று தொடங்கும் இலக்கத்தைக் கண்டதும் கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிடுவார்கள். "வீட்டு லைனில இருந்து எடுப்பம், இதில எடுத்தா காசு ஓடும்" என்பார்கள். ஒரு காலத்தில் அது நியாயமான பயம்தான். ஆனால் 2015 ஜூலை 1 முதல் பிரித்தானியாவுக்குள் 0800, 0808 இலக்கங்களுக்குக் கைத்தொலைபேசியில் இருந்தும் கட்டணம் இல்லை. மாதாந்த ஒப்பந்தமோ, முன்கூட்டிக் காசு போட்டுக் கதைக்கும் ரொப்அப்போ, எதுவானாலும் சரி.

பிரிட்டிஷ் ரெலிகொம் 0800 இலக்கங்களைக் கொண்டுவந்தது 1985இல். எடுப்பவருக்குச் செலவில்லை, பதில் சொல்லும் நிறுவனம் காசைக் கட்டும் என்பதுதான் ஏற்பாடு. அது வீட்டுத் தொலைபேசிகளை நினைத்துப் போட்ட கணக்கு. பின்னால் வந்த கைத்தொலைபேசி நிறுவனங்கள், தங்கள் வலையமைப்பைப் பயன்படுத்துவதற்கு அதில் போதிய பணம் வருவதில்லை என்று சொல்லி, எடுத்தவரிடமே வாங்கின. 2015க்கு முன் அது பொதுவாக நிமிடத்துக்கு 14 பென்ஸில் இருந்து 40 பென்ஸ் வரை.

இதில் அடிபட்டது யார்? வீட்டு லைன் இல்லாதவர்கள். வாடகை அறையில் இருந்தவர்கள், அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு நாலு பேரோடு ஒரு வீட்டைப் பகிர்ந்தவர்கள், ஐந்து பவுண் ரொப்அப்பில் ஒரு கிழமையை ஓட்டியவர்கள். அரச உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கும் இலக்கம் 0800. சொந்த வீடும் லைனும் உள்ளவருக்கு அது இலவசம். அறையில் இருப்பவர் சங்கீதம் கேட்டுக்கொண்டு அரை மணி நேரம் வரிசையில் நின்றால், 40 பென்ஸ் படி 12 பவுண். வேலை போய்விட்டது என்று சொல்வதற்கே 12 பவுண்! தெருவோரத் தொலைபேசிப் பெட்டியில் அதே இலக்கம் இலவசம் என்பதால், மழையிலும் அங்கே போய் நின்றவர்கள் உண்டு. 2010இல் உதவிப்பணத் திணைக்களம் சில கைத்தொலைபேசி நிறுவனங்களோடு பேசித் தன் 0800 இலக்கங்களை மட்டும் இலவசமாக்கிக்கொண்டது. எல்லா 0800க்கும் அது வர இன்னும் ஐந்து வருடங்களும் தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஒஃப்கொம்மின் கட்டளையும் தேவைப்பட்டன. இவ்வளவு இழுத்தடித்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

இலவசத்துக்குப் பின்னால் யாரோ காசு கட்டுகிறார்கள் என்பதை நம் ஆட்கள் இந்தச் சட்டங்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். கோலிங் கார்ட் காலம் ஞாபகம் இருக்கிறதா? ஊருக்குக் கதைக்கக் கடையில் வாங்கிச் சுரண்டுவோமே, அந்த அட்டை. அதன் பின்பக்கம் இரண்டு இலக்கங்கள் இருக்கும்: ஒன்று 0800, மற்றது 020 என்ற லண்டன் இலக்கம். 0800ஆல் போனால் அதே அட்டையில் நிமிடங்கள் குறையும். அந்த அழைப்புக்கான காசை அட்டைக்காரர் கட்டவேண்டும். அவர் அதை நம் நிமிடங்களில் கழித்துக்கொள்வார். கைத்தொலைபேசியில் இருந்து 0800ஐ அழுத்தியவருக்கோ இரண்டு பக்கமும் வெட்டு.

சரி, இன்று எதற்குக் காசு? 03 இலக்கங்கள், 01, 02 என்று தொடங்கும் சாதாரண ஊர் இலக்கங்கள் போலத்தான். உங்கள் மாதாந்த நிமிடங்களுக்குள் அடங்கும். ஆனால் ரொப்அப்பில் இருப்பவருக்கு 03உம் செலவுதான். யுனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப்பணத்தின் உதவி இலக்கம் 0345இல் இருந்தபோது, சிலருக்கு நிமிடத்துக்கு 55 பென்ஸ் போகிறது என்று 2017 அக்டோபரில் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பின் நாடாளுமன்றத்தில் கேட்டார். அடுத்த கிழமையே அதை இலவசமாக்குவதாக அரசு அறிவித்தது.

084, 087, 09 வேறு கதை. இவற்றில் இரண்டு கட்டணம் சேரும். ஒன்று உங்கள் தொலைபேசி நிறுவனம் எடுப்பது. கைத்தொலைபேசியில் அது நிமிடத்துக்கு 50 பென்ஸைத் தாண்டுவதும் உண்டு. மற்றது அந்த இலக்கத்தை வைத்திருப்பவர் எடுப்பது: 084இல் நிமிடத்துக்கு 7 பென்ஸ், 087இல் 13 பென்ஸ், 09இல் 3 பவுண் 60 பென்ஸ் வரை போகும். 0800உம் 0844உம் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதுதான் வில்லங்கம். வரித் திணைக்களத்தின் இலக்கத்தை இணையத்தில் தேடினால், மேலே விளம்பரமாக வருவது சில வேளை திணைக்களத்தின் இலக்கமே அல்ல. இடையில் ஒருவர் நின்று, உங்களை உண்மையான இலக்கத்துக்கு இணைத்துவிட்டு, நீங்கள் கதைத்து முடியும்வரை காசு வாங்குவார். அதனால் தேடாதீர்கள்; கையில் இருக்கும் கடிதத்தில் உள்ள இலக்கத்தையே அழுத்துங்கள்.

இன்னொன்று, வீட்டில் பயத்தோடு வாழ்பவர்களுக்காக. இலவச அழைப்புகள் விவரப் பில்லில் காட்டப்படுவதில்லை. பிள்ளைகளுக்கான சைல்ட்லைன் 0800 1111, மனம் உடைந்தவர்களுக்கான சமாரிட்டன்ஸ் 116 123 இரண்டுக்கும் இது பொருந்தும். ஆனால் கைத்தொலைபேசியில் யாருக்கு எடுத்தோம் என்ற பட்டியலில் இலக்கம் நிற்கும். அதை நீங்கள்தான் அழிக்கவேண்டும்.

அப்புறம், கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு: இந்த இலவசம் பிரித்தானிய எல்லைக்குள் மட்டும். அங்கே வங்கி அட்டை முடங்கிப்போனால் 0800 இலக்கம் அகப்படாமல் போகலாம், அகப்பட்டாலும் காசு ஓடலாம். அட்டையின் பின்பக்கம் அல்லது வங்கியின் செயலியில் +44 என்று தொடங்கும் இலக்கம் இருக்கும். விமானம் ஏறுமுன் அதை ஒரு தாளில் எழுதி, அட்டையோடு அல்லாமல் வேறு பையில் வையுங்கள். நன்றி, வணக்கம்.