மீதி ஐம்பத்தொன்பது

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, நீர்வாழ் உயிரியல் துறையின் பேராசிரியப் பெருமக்களே, அலுவல்களுக்கிடையே வருகை தந்திருக்கும் வேளாண் துறை உயர் அலுவலர்களே, எனக்கு முன் பேசி என் வேலையைக் கடினமாக்கிவிட்ட துணைவேந்தர் அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். வணக்கத்திலேயே நேரம் கரைகிறது என்பதைத் தலைவரின் கடிகாரம் சொல்கிறது. களைக்கொல்லியில் சேரும் துணைப்பொருள் என்ன செய்கிறது, அது நத்தையை எப்படித் தொடுகிறது, பூச்சிக்கொல்லிகளோடு கலந்தால் என்னவாகிறது என்ற மூன்றையும் பேச எண்ணி வந்தேன்.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். வகுப்பில் ஒருமுறை கிளைபோசேட் என்னும் களைக்கொல்லிப் புட்டியின் சீட்டை உரக்கப் படிக்கச் சொன்னேன். "கிளைபோசேட் உப்பு 41 விழுக்காடு" என்று படித்த மாணவி, கணக்கில் கெட்டிக்காரி, உடனே "மீதி 59 என்ன ஐயா?" என்றாள். பின்வரிசையிலிருந்து ஒருவன் "தண்ணீர்தான்" என்றான். "தண்ணீருக்கா இவ்வளவு விலை?" என்று அவள் திருப்பிக் கேட்க, வகுப்பே சிரித்தது. நான் சிரிக்காமல், மெழுகு படிந்த இலையொன்றை எடுத்து அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். முத்தாக உருண்டு ஓடியது. இன்னொரு சொட்டில் துளி சோப்புக் கரைசல் கலந்து விட்டேன். இலையோடு இலையாகப் படர்ந்து அப்பிக்கொண்டது. "மீதி ஐம்பத்தொன்பதுக்குள் இருப்பது தண்ணீர் மட்டுமன்று, இந்த வேலையைச் செய்யும் பொருளும் அதில் இருக்கிறது" என்றேன். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நீரின் பரப்பு இழுவிசையைத் தளர்த்தி, இலையின் மெழுகைத் தாண்டி மருந்தை உள்ளே செலுத்தும் அத்துணைப்பொருள், குளத்தில் கலந்த பின்னும் தன் குணத்தை விடுவதில்லை. இலையின் மேலுறை என்றும் நத்தையின் மென்தோல் என்றும் அதற்குப் பேதம் கிடையாது. குளத்து நத்தையோ மூச்சுக்கு நீர்மட்டத்திற்கு ஏறி வருவது. பாசியைச் சுரண்டித் தின்பது. கூழ் போன்ற உறைக்குள் முட்டைகளைப் பொதிந்து நீர்ச்செடிகளின் இலைகளில் ஒட்டி வைப்பது. மருந்து கலந்த நீர் அதன் உடலையும் முட்டையையும் நாள்முழுதும் தழுவியே கிடக்கிறது.

கிளைபோசேட்டைவிட அதனுடன் சேர்த்த, கொழுப்பிலிருந்து செய்யப்படும் கொழுப்பு அமீன் வகைத் துணைப்பொருளே மீன்களுக்கும் நீர்வாழ் முதுகெலும்பற்ற உயிர்களுக்கும் கொடியது என்று 1979-லேயே அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. நீரில் காரத்தன்மை ஏற ஏற அதன் நச்சும் ஏறியது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது! ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் அவ்வகைத் துணைப்பொருளைக் கிளைபோசேட் தயாரிப்புகளில் தடை செய்தது. 2021-இல் பயிர்ப் பாதுகாப்பு மருந்துகளில் சேர்க்கக்கூடாத 144 துணைப்பொருள்களைப் பட்டியலிட்டது. பல நாடுகளில் இன்றும் இவற்றுக்குச் "செயலற்ற பொருள்" என்றே பெயர். பெயர் வைத்தவர் எந்த நத்தையைக் கேட்டு வைத்தாரோ!

மூன்றாவதான கலவை விவகாரத்தை விரிவாகப் பேச நேரமில்லை; உடன் கலக்கும் பூச்சிக்கொல்லியைப் பொறுத்து நச்சு கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம் என்பதோடு நிறுத்துகிறேன். ஆகவேதான் களையைக் கொல்லும் செயற்பொருளை மட்டும் தனியே சோதித்து ஒப்புதல் வழங்குவது போதாது என்கிறேன். குளத்து நத்தையின் இனப்பெருக்கத்தை 28 நாள் கண்காணிக்கும் சோதனை முறை பன்னாட்டு அளவில் 2016-லேயே ஏற்கப்பட்டுவிட்டது. வழியில்லை என்று இனி யாரும் கைவிரிக்க முடியாது. விற்பனைக்கு வரும் புட்டியை முழுமையாக அச்சோதனைக்கு உட்படுத்த வேண்டும். அதில் அடங்கிய எல்லாவற்றையும் பெயர், அளவு சகிதம் சீட்டில் அச்சிட வேண்டும். இவ்விரண்டையும் தீர்மானமாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். முதல் கையெழுத்தைத் தலைவர் அவர்கள் இட வேண்டுகிறேன்.