கழுவுவதை நினைத்து வாங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மாதிரி விமானம், கப்பல், ரயில், கட்டை விரல் உயரப் போர்வீரர்கள் என்று வீட்டு மேசையில் வைத்து வண்ணம் பூசுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் தூரிகை மேல் சலிப்பு வரும். எவ்வளவு கவனமாகத் தீட்டினாலும் தூரிகை போன தடம் தெரிகிறது. விமான இறக்கையில் பச்சையும் பழுப்பும் சேரும் இடத்தில் ஒன்று மற்றொன்றுக்குள் புகைபோலக் கரைய வேண்டும். தூரிகைக்கு அது லேசில் வசப்படாது. அப்போதுதான் வண்ணத்தைக் காற்றால் தூவும் ஏர்பிரஷ் என்கிற கருவி மேல் ஆசை பிறக்கிறது. எதை வாங்குவது என்ற குழப்பமும் கூடவே பிறந்துவிடுகிறது.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போகிற எல்லோரும் கேட்பது, "எவ்வளவு மெல்லிய கோடு வரும்?" என்றுதான். நான் கேட்கச் சொல்வது, "இதை எப்படிக் கழற்றுவது?" புதிதாக ஆரம்பிக்கிறவர் பத்து நிமிடம் வண்ணம் அடித்தால், பதினைந்து நிமிடம் உட்கார்ந்து கழுவுவார். வாரத்துக்கு நான்கு முறை பிரித்து மாட்டப்போகும் பொருளை, பிரித்து மாட்டும் சௌகரியத்தைப் பார்க்காமல் வாங்கினால் இரண்டாம் மாதமே அது மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

இது வானொலி, கருவியைக் காட்ட முடியாது. பக்கத்தில் ஒரு பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு அல்ல, பிடித்துப் பார்ப்பதற்கு. எழுதுவதுபோலவே பிடித்து, ஆள்காட்டி விரலை மட்டும் மேலே வையுங்கள். அந்த விரலுக்கு அடியில் ஒரு சின்னப் பொத்தான் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் ட்ரிகர். பென்சிலின் நடுவில் ஈயம் இருக்கிற இடத்தில், இங்கே நீளமான ஊசி ஒன்று ஓடுகிறது. அதன் கூர்முனை, நாசில் என்கிற நுண்ணிய துவாரத்தில் கச்சிதமாகப் பொருந்தி அடைத்திருக்கும். ஊசியைச் சற்றே பின்னுக்கு இழுத்தால் துவாரம் திறக்கும். வெளியே சீறிப் பாயும் காற்று நாசில் முனையில் அழுத்தத்தைக் குறைத்து, உள்ளே இருக்கிற வண்ணத்தை உறிஞ்சி எடுத்துப் பொடிப்பொடியாகச் சிதறடிக்கும். மொத்த வித்தையும் இவ்வளவுதான்.

வித்தை பழையது. 1876-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் எட்கர் ஸ்டான்லி என்பவர், வண்ணத்தைக் காற்றால் தூவும் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். பின்னாளில் இரட்டைச் சகோதரரோடு சேர்ந்து நீராவி கார் செய்து பேர் வாங்கிய அதே ஸ்டான்லிதான். இன்று நாம் பேனாபோலப் பிடிக்கிற வடிவம் சார்லஸ் பர்டிக்குடையது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அதை வைத்தார்கள். அன்றைக்கு அதைப் பார்த்த ஒருவரை இன்று ஏர்பிரஷ் கடையில் கொண்டுவந்து விட்டாலும் அவ்வளவாகத் திகைக்க மாட்டார்.

சரி, பென்சிலுக்கு வருவோம். விரலைக் கீழே அழுத்துங்கள்: காற்று வருகிறது. அழுத்தியபடியே பின்னுக்கு இழுங்கள்: வண்ணம் வருகிறது. எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவு வண்ணம். இதுதான் டபுள் ஆக்‌ஷன். சிங்கிள் ஆக்‌ஷனில் அழுத்த மட்டுமே வேண்டும். வண்ணத்தின் அளவை முன்கூட்டியே ஒரு திருகைத் திருகி வைத்துக்கொள்வீர்கள். சுலபமானதில் ஆரம்பித்துப் பிறகு மாறிக்கொள்ளலாம் என்று பலர் சிங்கிள் ஆக்‌ஷனை வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரே கருவிதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் டபுள் ஆக்‌ஷனே வாங்கிவிடுங்கள். ஒரு வாரம் விரல் முரண்டு பிடிக்கும், அப்புறம் பழகிவிடும். பெரிய பரப்புகளுக்கு பிரைமர் என்கிற அடிப்பூச்சும் வார்னிஷும் மட்டும் அடிப்பேன் என்கிறவர்களுக்கு சிங்கிள் ஆக்‌ஷன் தாராளமாகப் போதும். பாஷே நிறுவனத்தின் 'எச்' மாடல் அந்த வகையில் பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் காற்றும் வண்ணமும் கருவிக்கு வெளியே கலப்பதால், கழுவுவதும் சுலபம்.

டபுள் ஆக்‌ஷனில் ஒரு பழக்கத்தை மட்டும் முதல் நாளே விரலுக்குக் கற்றுக்கொடுங்கள். நிறுத்தும்போது முதலில் விரலை முன்னுக்குத் தள்ளி வண்ணத்தை அடைக்க வேண்டும். காற்று கடைசியில்தான் நிற்க வேண்டும். மாற்றிச் செய்தால் முனையில் ஒரு சொட்டு தேங்கி நிற்கும். அடுத்த தடவை அழுத்தியதும் அது நேரே பொம்மையின் முகத்தில் போய் விழும். முகத்தில்தான் விழும், எப்போதும்!

அடுத்தது நாசில் அளவு. நான் ஏமாந்த இடம் இது. 0.2, 0.3, 0.4, 0.5 மில்லிமீட்டர் என்று எண்கள் இருக்கும். சின்ன எண் என்றால் மெல்லிய கோடு, மெல்லிய கோடு என்றால் நல்ல கருவி என்று கணக்குப் போட்டு, என் முதல் ஏர்பிரஷையே 0.2-இல் வாங்கினேன். அக்ரிலிக் வண்ணம் ஊற்றினேன். மூன்று நிமிடத்தில் அடைத்தது. கழற்றிக் கழுவி மாட்டினேன், மறுபடி அடைத்தது. நான்காவது முறை மாட்டும்போது, காற்று கசிகிறதோ என்று சந்தேகப்பட்டு நாசிலை ஸ்பேனரால் இன்னும் கால் திருகு இறுக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். நாசில் இரண்டாக உடைந்து, மரை மட்டும் கருவியின் உடம்புக்குள் மாட்டிக்கொண்டது. பிழை கருவியுடையது அல்ல, என்னுடையதுதான்.

அக்ரிலிக் வேகமாகக் காய்கிற வண்ணம். காற்று படப்பட ஊசி முனையிலேயே காய்ந்து ஒட்டும். துவாரம் சின்னதாக இருந்தால் காய்ந்த அந்தத் துளியே போதும், வழி அடைபட. பெரும்பாலானவர்களுக்கு 0.3-இலிருந்து 0.4 வரை சரியான இடம். இந்த அளவில் விரல் பழகிவிட்டால் பென்சில் கோடு அளவுக்கு மெல்லியதாக வரும். கோட்டின் மெலிவு துவாரத்தைவிட ஊசிமுனையின் கூர்மையையும் வண்ணத்தின் பதத்தையும் உங்கள் விரலையும்தான் அதிகம் நம்பியிருக்கிறது. பிரைமர், உலோகப் பொடி கலந்த வண்ணம், வார்னிஷ் எல்லாம் அடிக்கிறவர்கள் 0.4 அல்லது 0.5 எடுப்பது நல்லது. சில கருவிகளில் ஊசியையும் நாசிலையும் மாற்றி இரண்டு அளவுகளுக்கும் ஒன்றையே பயன்படுத்தலாம்.

வண்ணக் கிண்ணம் மேலே இருக்கிறதா, பாட்டில் கீழே தொங்குகிறதா என்பது இன்னொரு கேள்வி. மேலே இருந்தால் வண்ணம் தானாக இறங்கும். குறைந்த அழுத்தம் போதும், நாலைந்து சொட்டு வண்ணத்திலும் வேலை நடக்கும். கீழே தொங்கினால் காற்றுதான் உறிஞ்சி ஏற்ற வேண்டும். பெரிய வேலைக்கு, பாட்டிலை மாற்றி மாற்றி நிறம் மாற்றுவதற்கு அது வசதி. கையளவு பொம்மைகளுக்குக் கிண்ணம் மேலே உள்ளதே போதும்.

இனி கழற்றும் விஷயம். கடையில் கருவியைக் கையில் கொடுத்தால், பின்பக்கப் பிடியைக் கழற்றி, ஊசியைப் பிடித்திருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தி, ஊசியை வெளியே இழுத்துப் பாருங்கள். பிறகு முன்பக்கம். நாசில் எப்படி நிற்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். சிலவற்றில் நாசில் மிகச்சிறிய மரையால் திருகப்பட்டிருக்கும்; ஒவ்வொரு முறையும் ஸ்பேனர் வேண்டும், என்னைப் போன்றவர்கள் கையில் அது உடையும். வேறு சிலவற்றில் நாசில் சும்மா உள்ளே பொருந்தி உட்காரும், முன்மூடியைக் கையால் திருகினால் அதுவே பிடித்துக்கொள்ளும். இவாட்டா நிறுவனத்தின் எக்லிப்ஸ் மாடல் இப்படிப்பட்டது. ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் நிறுவனத்தின் எவல்யூஷனை ஸ்பேனரே இல்லாமல் கையாலேயே முழுக்கப் பிரித்துவிடலாம். இரண்டும் மலிவானவை அல்ல. ஆனால் மலிவு வகையிலும் பொருந்தி உட்காரும் நாசில் உள்ளவை இருக்கின்றன, தேடிப் பாருங்கள். மலிவோ விலை கூடியதோ, உதிரி ஊசியும் உதிரி நாசிலும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்காமல் வாங்காதீர்கள். ஊசிமுனை ஒருநாள் எதிலாவது இடித்து வளையத்தான் போகிறது. வளைந்த ஊசி வண்ணத்தை ஒரு பக்கமாகத் துப்பும்.

உள்ளே இருக்கிற வாஷர்களையும் விசாரியுங்கள். வண்ணத்தை நீர்க்க வைக்க லாக்கர் தின்னர் என்கிற கரைப்பானைப் பயன்படுத்துகிறவர் என்றால் சாதாரண ரப்பர் வாஷர் ஊதிப்போகும். டெஃப்லான் வாஷர் தாங்கும். எந்த வாஷராக இருந்தாலும், முழுக் கருவியையும் ராத்திரி தின்னரில் ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

இவ்வளவு பேசியும் பாதிதான் பேசியிருக்கிறேன். காற்று எங்கிருந்து வரும்? கையில் இருக்கிற மொத்தப் பணத்தையும் ஏர்பிரஷில் போட்டுவிட்டுக் காற்றுக்கு டப்பா வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்று டப்பாவில் அழுத்தப்பட்ட வாயு வெளியேற வெளியேற டப்பா ஜில்லிட்டுப்போகும், அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். பாதி இறக்கையில் காற்று நின்றுவிடும். காற்றை அமுக்கித் தரும் இயந்திரம்தான் கம்ப்ரசர். நடுத்தர ஏர்பிரஷும் நல்ல கம்ப்ரசரும் என்ற கூட்டணி, உயர்ந்த ஏர்பிரஷும் மட்டமான கம்ப்ரசரும் என்ற கூட்டணியை எப்போதும் ஜெயிக்கும்.

கம்ப்ரசரில் காற்றைச் சேர்த்து வைக்கும் தொட்டி இருக்கட்டும். 3 லிட்டர் போதும். தொட்டி இல்லாவிட்டால் பம்பின் ஒவ்வொரு துடிப்பும் கோட்டில் தெரியலாம், மோட்டாரும் ஓயாமல் ஓடிச் சூடேறும். தொட்டி இருந்தால் நிரம்பியதும் மோட்டார் தானாக நின்றுவிடும். வீட்டில் மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் வண்ணம் அடிக்கிறவர்களுக்கு அந்த நிசப்தத்தின் அருமை தெரியும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரும், ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டியும் வேண்டும். காற்றை அமுக்கினால் சூடாகும்; அது ஆறும்போது உள்ளிருக்கிற ஈரம் தண்ணீராகிவிடும். வடிகட்டி இல்லையென்றால் அந்தத் தண்ணீர் ஒருநாள் வண்ணத்தோடு சேர்ந்து வந்து விழும். தொட்டியின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து அவ்வப்போது தண்ணீரை வடித்துவிடுங்கள்.

பொம்மை வேலைக்கு காற்றழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற கணக்கு), அதாவது 1-இலிருந்து 1.4 பார் வரை ஆரம்பிக்க நல்ல அளவு. ட்ரிகரை அழுத்திக் காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரைப் பாருங்கள். விட்டிருக்கும்போது காட்டுகிற எண் கூடுதலாக இருக்கும். குழாய் மரையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எட்டில் ஒரு அங்குல மரை பரவலானது என்றாலும், பேட்ஜர், பாஷே போன்ற நிறுவனத்தார் தங்களுக்கென்று தனி மரை வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு சின்ன இணைப்பு தேவைப்படும்.

வாங்கியாயிற்று, கோடு சரியாக வரவில்லை என்று கருவியைத் திட்டுவதற்கு முன் வண்ணத்தைப் பாருங்கள். பால் பதத்தில் இருக்க வேண்டும். அடித்த இடத்தில் சிலந்திக் கால்கள்போல ஓடினால் வண்ணம் நீர்த்துவிட்டது, அல்லது ரொம்பக் கிட்டத்தில் பிடிக்கிறீர்கள். மணல்போலச் சொரசொரத்தால் தூரத்தில் பிடிக்கிறீர்கள், வண்ணம் வழியிலேயே காய்ந்துவிடுகிறது. கிண்ணத்தில் குமிழி வந்தால் மட்டும் கருவியைச் சந்தேகப்படலாம்: நாசில் சரியாக உட்காரவில்லை, அல்லது விரிசல் விட்டிருக்கிறது.

மூச்சு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். அக்ரிலிக்கில் மணம் குறைவு என்பதால் முகமூடி வேண்டாம் என்று நினைக்காதீர்கள்; மிதக்கிற துகள் நுரையீரலுக்குத்தான் போகிறது. தின்னர் சேர்ந்த வண்ணங்களுக்குச் சாதாரணத் தூசி முகமூடி உதவவே உதவாது. கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் கரி வடிகட்டி வைத்த முகமூடியும், காற்றை வெளியே தள்ளும் விசிறியும் வேண்டும். இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தில் ஏர்பிரஷ் வாங்குங்கள்.

வாங்கி வந்த முதல் மாலை வண்ணத்தைத் தொடாதீர்கள். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பழைய காகிதத்தில் அடித்துப் பாருங்கள். பிறகு கருவியை ஐந்து முறை முழுதாகப் பிரித்து மாட்டுங்கள். வெள்ளைத் துண்டை விரித்து அதன் மேல் செய்யுங்கள். ஊசி உருளாது, விழுந்த பாகம் கண்ணில் படும். கழுவுகிற தொட்டியின் ஓட்டையை அடைத்துவிட்டு உட்காருங்கள். என் முதல் நாசில் ஸ்பேனரில் போனது என்றேன் அல்லவா? இரண்டாவது, அந்த ஓட்டை வழியாகத்தான் போனது.

வணக்கம்.